தடைக்காலத்துக் கப்பல்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் கோட்டைப்பட்டினத்தின் சத்தமே மாறிவிடும். விடிகாலையில் ஊரை எழுப்பும் இஞ்சின் இரைச்சல் அடங்கி, உளிச் சத்தமும் கிரைண்டர் சத்தமும் ஊரைப் பிடித்துக்கொள்ளும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையை விரித்துப் போட்டுப் பொத்தல் அடைப்பார்கள். தடைக்கால நிவாரணப் பணம் யார் கணக்கில் ஏறியது, யார் கணக்கில் ஏறவில்லை என்பதுதான் டீக்கடைப் பேச்சாக இருக்கும்.

அப்படி ஒரு தடைக்காலத்தில், 2022 மே கடைசியில், மாமாவைக் கப்பலுக்குக் கூப்பிட்டேன்.

"கப்பலா? வேலைக்கா மாப்ள?"

"சுத்திப் பாக்க மாமா. சென்னையிலேர்ந்து சொகுசுக் கப்பல் விடப்போறாங்க. ஜூன் 4 தொடக்க விழா. முதல் ஓட்டத்துக்கே நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். ரெண்டு ராத்திரி."

"எங்க போவுது?"

"எங்கயும் போகல. நடுக்கடலுக்குப் போயிட்டு சென்னைக்கே திரும்பிரும்."

மாமா பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே யோசித்தார். "மீனும் பிடிக்காம, சரக்கும் ஏத்தாம, சும்மா போயிட்டு வர்றதுக்குக் காசு குடுக்கணுமா?" கொஞ்ச நேரம் கழித்து, "நாம மட்டும் எங்க போறோம். நாமளும் போயிட்டுத்தான் வர்றோம்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பெயின்ட் காய இரண்டு நாள் ஆகும் என்பதால் ஒத்துக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமா பதினான்கு வயதில் வத்தையில் ஏறியவர். இளவயதில் சில வருஷம் காசிமேட்டுப் போட்டில் வேலை. அப்புறம் ஊருக்கே வந்து சொந்தப் போட் கட்டினார். பிறகு இன்னொன்று. இரண்டாவது இப்போது ஊரில் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, எதிர்க்கரையில், இலங்கையின் மயிலிட்டியில் கட்டிக் கிடக்கிறது. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். போட் வரவில்லை. அதைப் பற்றி மாமாவிடம் யாரும் கேட்பதில்லை.

ஜூன் 3 ராத்திரி பஸ். மாமா ஒரு தோள்பையோடு வந்தார். அதில் இரண்டு கைலி, ஒரு முசல்லா, பிளாஸ்டிக் டப்பாவில் மாமி கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொரியல். கருவாட்டைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று நான் சொல்ல, அது மரக்காணம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே தீர்ந்தது.

சனிக்கிழமை சென்னைத் துறைமுகம். திங்கள், புதன், சனி என்பதுதான் எங்கள் கரையில் விசைப்படகுக்குக் கடல் நாட்கள். "தடை இல்லேன்னா இந்நேரம் நான் கடல்ல இருப்பேன்" என்றார் மாமா, வரிசையில் நின்றபடி. விமான நிலையம் போலவே பெட்டிச் சோதனை, அடையாள அட்டை, சங்கிலிக் கயிறு கட்டிய வளைந்து வளைந்த வரிசை. புது ஜோடிகள், குஜராத்திக் குடும்பங்கள், ஒரே நிறச் சட்டை போட்டு வந்த கல்லூரி நண்பர்கள். கைலியை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெள்ளை வேட்டியில் நின்றவர் மாமா ஒருவர்தான்.

முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். மாநிலச் சுற்றுலாத் துறையும் கார்டீலியா குரூசஸ் நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாடு. சென்னையை வீட்டுத் துறையாக வைத்து ஒரு சொகுசுக் கப்பல் ஓடுவது அதுவே முதல் முறை. பந்தல், மேளம், கேமராக்கள், பூங்கொத்துகள். மாமாவுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. அவர் கப்பலைக் கட்டியிருந்த கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அவர் தொடை கனம். "பாத்திஹா யாரு ஓதுனா?" என்று என் காதில் கேட்டார்.

எங்கள் ஊரில் புதுப் போட் தண்ணீரில் இறங்குகிற நாள் வேறு மாதிரி. ராவுத்தர் அப்பா தர்காவில் பாத்திஹா ஓதி, நார்சா கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். போட்டில் வேலைக்கு வரும் இந்துப் பையன்கள் தங்கள் பங்குக்கு முன்னணியில் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். கூடவே சின்னப் பிள்ளைகள் ஏறிக்கொள்ள, துறையிலிருந்து கொஞ்ச தூரம் வெள்ளோட்டம். அந்த ஒரு நாள் மட்டும் போட்டில் மீன் வாடை இருக்காது.

கப்பலின் பெயர் எம்ப்ரஸ். சுமார் 210 மீட்டர் நீளம், பதினொரு தளம், 48,000 டன்னுக்கு மேல். மாமா கையை நெற்றியில் வைத்து முனையிலிருந்து முனைவரை பார்த்துவிட்டு, "நம்ம போட்டைப் பன்னெண்டு வரிசையா நிறுத்தலாம்" என்றார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் பல மாடி உயரத்துக்குத் திறந்த நடுமுற்றம். பளிங்குத் தரை, பித்தளைக் கைப்பிடி, வளைந்த படிக்கட்டு, ஒரு மூலையில் வயலின். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் வளவைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்ததுபோல என்று எனக்குத் தோன்றியது. மாமா அண்ணாந்து பார்க்கவில்லை. மேல்தளத்துக்கு வந்ததும் கைப்பிடிக் கம்பிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துத் தடவினார். ஒரு பற்றவைப்பு மடிப்பு. அங்கே பெயின்ட் தோல் தோலாக, வெங்காயம்போல ஏறியிருந்தது.

"புதுசுன்னியே மாப்ள. இது முப்பது வருஷக் கப்பல்."

உண்மைதான். 1990-இல் பிரான்சில் செயின்ட் நசேர் தளத்தில் கட்டியது. முதல் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். பிறகு எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ், நடுவில் புல்மந்தூர் நிறுவனத்திடம் வெறும் எம்ப்ரஸ், மறுபடி எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். கரீபியன் கடலில் காலம் கழித்துவிட்டு, கொரோனாவில் உலகத்துச் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது கைமாறி இந்தியாவுக்கு வந்தது. 2021 செப்டம்பரிலிருந்து மும்பையில் ஓட்டம், இப்போது சென்னைக்குப் புதுசு. இதையெல்லாம் போனில் படித்துச் சொன்னேன். மாமாவுக்கு வருத்தம் இல்லை. "கை மாறுனா பேரு மாறத்தான் செய்யும். நம்ம ஊர்ல நாலு பேர் மாறுன போட் இல்லையா? நல்லா வச்சிருக்கானுவ, அதான் முக்கியம்."

எங்களுக்குக் கிடைத்தது உள்பக்க அறை. விலை குறைவு, ஜன்னல் கிடையாது. எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவான அறைகளில் கடல் தெரிகிற அறைகளுக்கு ஒரு விலை, பால்கனி வைத்ததற்கு அதற்கும் மேல். மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. "கடல் பாக்கத் தனி ரேட்டா?" என்று சிரித்தார். பதினான்கு வயதிலிருந்து கடலில் படுத்தவர், கடலே தெரியாமல் கடலில் படுக்கப்போவது இதுதான் முதல் தடவை.

குளியலறையில் வாளியும் மக்கும் இல்லாதது அவருக்குப் பெரிய குறை. ஆனால் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் நல்ல தண்ணீராகவே வந்தன. கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் இப்படிப்பட்ட கப்பல்களில் உண்டு என்றேன். குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எங்கள் போட்டில் கேன் தண்ணீர்தான். குடிக்கவும் சோறாக்கவும் போக மிச்சம் இருந்தால் முகம் கழுவலாம். கழிப்பறை கிடையாது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்துவதுதான். இந்தக் கப்பலில் பொத்தானை அமுக்கியதும் 'டப்'பென்று உறிஞ்சிய சத்தத்தில் மாமா கதவைத் திறந்துகொண்டே வெளியே வந்துவிட்டார். இரண்டு நாளும் பொத்தானைத் தள்ளி நின்று, கையை நீட்டித்தான் அமுக்கினார்.

கப்பல் புறப்படும் முன்பு எல்லாரும் லைஃப் ஜாக்கெட் பயிற்சிக்குப் போக வேண்டும். வந்தவர்கள் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் பரீட்சைக்கு வந்த பையன்போல நின்று கேட்டார். மேலே தொங்கிய உயிர்காப்புப் படகுகளை இரு பக்கமும் போய் எண்ணிவிட்டு வந்தார். "சிதம்பரம் கப்பல் எரிஞ்சப்ப நான் சின்னப் பையன். நன்னா ரேடியோவை விட்டு எழுந்திரிக்கல" என்றார்.

அவர் சொன்ன சிதம்பரம், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல். அதுவும் பிரான்சில் கட்டியது, பழைய பெயர் பாஸ்தர். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடமே முடிந்தது. அதற்கு முன்னால் ரஜுலா. 1926-இல் ஓட ஆரம்பித்து ஏறக்குறைய ஐம்பது வருஷம், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எங்கள் பக்கத்து ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல். அம்மாவின் அத்தா, எங்கள் நன்னா, ரஜுலாவில் டெக் பயணி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். ஏறியதும் பாயை விரித்து இடம் பிடிக்க வேண்டும். டெக்கிலேயே சாப்பாடு, டெக்கிலேயே தூக்கம், டெக்கிலேயே வாந்தி. அந்தப் பாய் கடைசிவரை வீட்டுப் பரணில் இருந்தது. அதே டெக்கில் இப்போது சாய்வு நாற்காலி போட்டு, துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். 'டெக்' என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஏழைக்கான இடம். இன்று அதுதான் கப்பலிலேயே நல்ல இடம்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. நகர்ந்ததை மாமா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கரையில் இருந்த கிரேன் மெல்லப் பின்னால் போனது, அவ்வளவுதான். அலை வாங்கவே இல்லை. வயிற்றில் இருபுறமும் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு ஆட்டத்தை அடக்கும் அமைப்பு உண்டு என்று பணியாளர் ஒருவர் சொன்னார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆட்டம் இருந்தாத்தான் காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு காலுக்குத் தெரியும்" என்றார். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டார். சுமார் ஏழு மீட்டர் என்றேன். "நாலு பாகம்" என்று உடனே மாற்றினார். "நம்ம பக்கம் வந்தா தரை தட்டிரும்."

பாக் விரிகுடா அப்படித்தான். எங்கள் கரையிலிருந்து மைல் கணக்கில் உள்ளே போனாலும் ஐந்தாறு பாகம்தான். பெரிய கப்பல் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் சினிமாதான் பார்க்க வேண்டும். 2005 ஜூலையில் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, ஆழம் தோண்டி இந்த வழியாகவே கப்பல் விடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பாதிப் பேர் பயந்தார்கள், பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை.

கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளம், பின்பக்கம் ஏறி விளையாட ஒரு பாறைச் சுவர், பிள்ளைகளுக்குத் தனி இடம், உடற்பயிற்சிக் கூடம், இரவில் பாலிவுட் ஆட்டம் போடும் அரங்கம், பல மதுக்கூடங்கள், ஜைன சமையல் உட்பட எந்நேரமும் சாப்பாடு. எதற்கும் வெளியே பார்க்கத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் ஒரு நல்ல ஹோட்டலை யாரோ மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். கசினோ வாசலில் மாமா நின்றார். கரையை விட்டு விலகிய பிறகுதான் திறப்பார்கள் என்றார்கள். "கடல்ல போறதே சூதாட்டம்தான். அதுக்குள்ள இன்னொண்ணா?" என்றபடி நகர்ந்தார். அந்தக் கசினோவுக்காகத்தான் அடுத்த வாரமே, ஜூன் 10 அன்று, புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்து, அனுமதி கிடைக்காமல் கப்பல் கரைக்கு வெளியே நின்றுவிட்டுச் சென்னை திரும்பியது.

சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான மேஜைகள் நிறையப் பாத்திரங்கள். மாமா மீன் வைத்திருந்த இடத்தில் நின்றார். எலும்பில்லாத வெள்ளைத் துண்டுகள், மேலே எலுமிச்சைச் சாறு.

"மாப்ள, தடைக்காலத்துல இம்புட்டு மீன் எங்கேர்ந்து?"

"வளர்ப்பு மீனா இருக்கும் மாமா. இல்ல வெளிநாடா இருக்கும்."

"கடல்மேல போயி, குளத்து மீனைத் திங்கிறோம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டு வைத்துக்கொண்டார். பிரியாணியைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

இஷா தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்பது அடுத்த பிரச்சினை. அறைக்குள் என் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். சுற்றிலும் இரும்பு. முள் ஒரு பக்கம் காட்டி, நான் நாலடி நடந்ததும் வேறு பக்கம் காட்டியது. மாமா போனைப் பார்க்கவே இல்லை. முசல்லாவை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். குளத்துப் பக்கம் பாட்டும் விளக்கும். அதைத் தாண்டி இருட்டான ஒரு மூலையைக் கண்டுபிடித்தார். வடக்கே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாக நின்ற நட்சத்திரத்தைப் பார்த்தார். வலது தோளை அதற்குக் காட்டி நின்று, பிறகு ஒரு சாண் அளவு திரும்பினார். முசல்லாவை விரித்தார். தொழுது முடிப்பதற்குள் கப்பல் திசை மாறிவிட்டது. அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அங்கேயே கைப்பிடியில் சாய்ந்து நின்றோம். வெகு நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு வெளிச்சம். ஒரே ஒரு புள்ளி. மேலும் கீழுமாக ஆடியது.

"ஃபைபர்" என்றார் மாமா. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நாட்டுப் படகுக்காரர்கள் போகலாம். "வலையை விட்டுட்டுக் கிடக்குறான். வெளக்கு ஆடுற ஆட்டத்தைப் பாரு, இஞ்சினை நிறுத்திட்டான்."

கப்பல் அந்தப் பக்கமாகவே போனது, அல்லது எங்களுக்கு அப்படித் தெரிந்தது. மாமா பேச்சை நிறுத்திவிட்டார். காசிமேட்டு நாட்களில் ராத்திரி வலை போட்டுப் படுத்திருக்கும்போது பெரிய கப்பல் வருவதைப் பற்றி அவர் முன்பு சொல்லியிருக்கிறார். முதலில் சத்தம் இருக்காது. வெளிச்சம்கூடத் தூரத்தில் ஊர் மாதிரிதான் தெரியும். ஊர் கிட்ட வரும்போதுதான் புரியும். அதற்குள் வலையை அறுத்துவிட்டு இஞ்சினைத் தட்டி ஓட வேண்டும். கப்பலில் இருப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது. வலை போனால் ஒரு சீசன் போச்சு.

திடீரென்று போனின் டார்ச்சைப் போட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினார் மாமா. பதினோரு தளத்து விளக்குகளுக்கு நடுவே அந்த டார்ச் யார் கண்ணில் படும்? அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் புள்ளி பக்கவாட்டில் விலகிப் பின்னால் போகும்வரை கையை இறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பையன் தன் தோழியிடம், "அங்கிள் சிக்னலுக்கு டவர் தேடுறார்" என்றான்.

மறுநாள் முழுக்க எங்கேயும் போகவில்லை. மாமா ஒருமுறை குளத்தில் காலை நனைத்தார். மாலை ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். மற்ற நேரமெல்லாம் கீழ்த்தளத்தில் வேலை செய்யும் பையன்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். திங்கள் காலை இறங்கும்போது பலருக்கு அவர் 'சாச்சா' ஆகியிருந்தார். கரையில் கால் வைத்ததும் கொஞ்சம் நின்றார். "கடல்ல இருந்து வந்தா தரை ஆடணும். இது ஆடவே இல்லியே" என்றார். அன்று ராத்திரியே ஊருக்குப் பஸ் பிடித்தோம். பெயின்ட் காய்ந்திருந்தது.

ஒரு வருஷம் போனது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, பிறகு காங்கேசன்துறை. ஜூன் 16 அன்று காங்கேசன்துறையில் புதிய பயணிகள் முனையம் திறந்து வரவேற்றார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து நேர்கோடு போட்டால் காங்கேசன்துறை தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், சென்னைக்குப் போகும் தூரத்தில் கால்வாசி. 2021 ஜனவரியிலும் அக்டோபரிலும் எங்கள் துறையிலிருந்து போன இரண்டு போட்கள் நடுவே இலங்கை ரோந்துக் கப்பலோடு மோதி மூழ்கியதும், ஐந்து பேர் உயிரோடு திரும்பாததும் அதே தண்ணீரில்தான்.

அப்போதுதான் தடை முடிந்து ஊரே இறாலும் நண்டுமாக இருந்தது. ஏலக்கூடத்தில் மாமா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். போனில் வீடியோவைக் காட்டினேன். மாலை போட்டுக்கொண்டு பயணிகள் இறங்குகிறார்கள். வெள்ளைக் கப்பல். அந்தக் கைப்பிடி, அந்த மேல்தளம்.

மாமா கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். ஓடவிட்டார், நிறுத்தினார், திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டார்.

"கேமராக்காரன் எல்லாத்தையும் கப்பல் பக்கமே வச்சிருக்கான் மாப்ள. கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பியிருந்தா மயிலிட்டி தெரிஞ்சிருக்கும்."